உப்பளத்தில் விழுந்த கோபுர நிழல்

கோடை முற்றி, பாத்திகளில் தண்ணீர் சுண்டி, உப்பு பூக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் நெடுந்திட்டு என்ற உப்பள ஊரில், பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தின் நிழல் வந்து விழுந்தது. கோபுரம் வரவில்லை. அது தன் ஊரில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பதை அன்றைய செய்தியில்கூடக் காட்டினார்கள். நிழல் மட்டும் வந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, ஒரு காக்கை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கீழே, வெள்ளை வெளேரென்று கிடந்த பாத்திகளின் மேல், நான்கு கால்களையும் அகட்டி ஊன்றி, போகப் போகக் குறுகி, ஊசியாக முடிகிற அந்தக் கறுப்பு உருவம் கம்பி கம்பியாகப் படுத்துக் கிடந்தது.

பூங்கனிதான் அதை முதலில் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட மிதித்தாள் என்று சொல்ல வேண்டும். முகத்தைத் துண்டால் மூடி, கண் மட்டும் தெரிய, குனிந்து பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தவளின் காலடி திடீரென்று கறுத்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வருவது பழக்கம்தான்; வந்தால் பலகையைக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்திலேயே குத்தவைத்துவிட வேண்டும், நின்றபடி விழுந்தால் உப்பு முகத்தைக் கிழித்துவிடும். அவளும் அப்படியே குத்தவைத்து, அடுத்த பாத்தியில் நின்ற எஸ்தரைக் கூப்பிட்டாள்.

"எட்டி எஸ்தரு, தண்ணி கொண்டா. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"எனக்கும் வருதுட்டி," என்றாள் எஸ்தர். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா வரும்?"

அது எந்தக் கோபுரம் என்று நெடுந்திட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் கல்யாணம் முடிந்த ஜோடி மறுவீட்டுக்குப் போகிற வழியில் டவுனில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொள்வது, தாலி கட்டுவதற்கு அடுத்த சடங்கு. அந்த ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு திரை. அதில் பாரிஸ் கோபுரம். வரைந்த பெயிண்டருக்கு வெறும் இரும்பை மட்டும் வைக்க மனசு வராமல், இரண்டு பக்கமும் தென்னைமரம் வைத்து, அடியில் ஒரு குளம் வெட்டி, குளத்தில் ஒரு அன்னத்தையும் விட்டிருந்தார். ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தக் கோபுரம் தொங்கியது, பூங்கனி வீட்டுச் சுவரிலும்தான். அதில் அவள் புருஷன் லிங்கதுரை புதுச்சட்டையின் மடிப்புக் கலையாமல் விறைத்து நிற்கிறான். பக்கத்தில் பூங்கனி கண்ணை மூடியிருக்கிறாள். அசையாமல் நில்லம்மா, கண்ணைத் திறந்து வையம்மா என்று ஸ்டூடியோக்காரர் சொல்லச் சொல்ல, வெளிச்சம் அடித்த நொடியில் மூடிவிட்டாள். "என்னைக் கட்டிக்கிட்டு ஒரு நாளாகல, அதுக்குள்ள பாக்கப் பிடிக்கல பாரு இவளுக்கு" என்று அதைச் சொல்லிச் சொல்லியே லிங்கதுரை இத்தனை வருஷத்தை ஓட்டியிருந்தான். பிள்ளை தங்காத வீட்டில் அந்த ஒரு கேலிதான் இரண்டு பேருக்கும் பொதுவாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஆகையால் எஸ்தர் வரப்பில் ஏறி நின்று, நெற்றிக்குக் கை வைத்து அந்த நிழலை முழுசாகப் பார்த்துவிட்டு, சொந்தக்காரரை அடையாளம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"அதேதான்ட்டி. தென்னமரந்தான் இல்ல." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "மேல ஒரு ஆளையும் காணோமே. இம்புட்டுப் பெரிய கோவுரத்துல ஏறிப் பாக்க ஒரு சனமா இல்லாமப் போச்சு?" என்றாள்.

உப்பளத்தில் நிழல் கிடையாது. உப்பு ஊறின மண்ணில் மரம் நிற்காது, செடி நிற்காது. ஒதுங்குவதற்கு ஒரு கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு, கேட்டவர்களுக்குத் தலை நரைத்து, சிலர் கேட்டபடியே போயும் சேர்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிழல் வந்து விழுந்தால் அது யாருடையது, எதற்கு வந்தது, எப்போது போகும் என்றா கேட்பார்கள்? பலகையைப் போட்டுவிட்டு எல்லாரும் அதற்குள் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே சில்லென்று இருந்தது, நம் ஊர்க் குளிர்ச்சி இல்லை, எலும்புக்குள் போகிற குளிர்ச்சி. சிலர் தும்மினார்கள். டீக்கடை தவசிக்கண் அண்ணாச்சி அடுப்பையும் பாய்லரையும் தூக்கிக்கொண்டு நிழலின் வலது காலடிக்கு வந்துவிட்டார். "நம்ம முதலாளி கட்டித் தராத கொட்டகையைப் பாரிசுக்காரன் கட்டித் தந்துட்டான்ல" என்று டீ ஆற்றியபடி அவர் சொன்னதுக்கு ஊரே சிரித்தது.

அடுத்த நாளும் நிழல் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது, வருவதும் பொழுது சாய்ந்தால் போவதுமாக அது ஊரோடு ஒட்டிக்கொண்டது. யார் எப்போது உட்காருவது என்று தண்ணீர்க் குழாய்க்கு முறை வைப்பது போல முறை வைத்தார்கள். மாசமாக இருக்கிறவர்களுக்கு நடுவில் இடம், சளிக்காரர்களுக்கு ஓரத்தில் இடம். கோயில் பூசாரி ஒரு நாள் வந்து தீபாராதனை காட்டினார், பாதிரியார் ஒரு நாள் வந்து ஜெபம் பண்ணினார், இரண்டு பேருமே போகும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். படித்தவர்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள், அளந்த களைப்புக்குப் பதநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். பிறகு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பாரிசுக்குப் போக முடியாதவர்கள் நிழலையாவது பார்த்துவிடலாம் என்று வந்தார்கள், பாரிசுக்குப் போய்வந்தவர்கள் நிழல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள், பாரிசிலிருந்தே சிலர் வந்து வரப்பில் நின்று அழுதார்கள். நிழல் விழுந்த பாத்தியில் உப்பு பூக்கவில்லை என்று முதலில் எரிந்து விழுந்த முதலாளி, பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு கொட்டகையும் போட்டார். அது வருகிறவர்கள் செருப்பு விடுவதற்கு.

நிழலுக்குள் நாள் தவறாமல் கூடுதல் நேரம் உட்கார்ந்தவர் உப்பளத்துக் காவல்காரர் வெயிலுமுத்து. ஒரு சாயங்காலம் அவர் தன் வீட்டு வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே எட்டிப் பார்த்து, தன் பெண்டாட்டியிடம், "வீட்டைச் சுத்திப் பார்க்கலாமாங்க? போட்டோ எடுக்க விடுவீங்களா?" என்று கேட்டார். தெருவே கூடிச் சிரித்தது. அவர் போனில் கோழியைப் படம் எடுத்தார், கொடியில் காய்ந்த தன் லுங்கியையே படம் எடுத்தார், அம்மிக்கல்லைத் தடவிப் பார்த்து ஆகா என்றார். காலையில் எழுந்ததும் பழைய வெயிலுமுத்துவாக இருந்து காபியில் சீனி இல்லை என்று கத்தினார். வெயில் கொஞ்சம் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நிழலில் உட்கார்ந்தவருக்கு எப்படி வெயில் ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு அதே மாதிரி ஒவ்வொருவராக வீடு திரும்பத் தொடங்கினார்கள். உப்பளத்துப் பேச்சு மாறி, எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு சுத்தமான பேச்சில், இங்கே எது விசேஷம், சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று தாங்கள் பிறந்த ஊரிலேயே விசாரித்துக்கொண்டு நடந்தார்கள்.

லிங்கதுரைக்கு மோட்டார் வேலை, கடல் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றிவிடுவது. வாலிபத்தில் உப்புப் பெட்டி சுமந்து வலது தோள் இறங்கிப்போனவன். தூரத்தில் வரும்போதே தோளை வைத்துச் சொல்லிவிடலாம் அவன்தான் என்று. அன்று சாயங்காலம் அவன் வாசலில் நின்றபோது பூங்கனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வணக்கங்க," என்றான். "உள்ள வரலாமா?"

"என்னது இது புதுசா? ஊத்திட்டு வந்திருக்கியளா?"

"இல்லங்க. தெருவுல போய்ட்டிருந்தேன், வாசனை இழுத்துடுச்சு. என்ன மீனுங்க இது?"

"சாளை. நேத்தும் இதத்தான் தின்னிய. வெறும் முள்ளா இருக்குன்னு தட்டைத் தள்ளிட்டுப் போனிய."

அவன் சிரித்தான். அவள் சொன்னதை ஒரு நாட்டுப்புற வேடிக்கையாக எடுத்துக்கொண்ட மரியாதையான சிரிப்பு. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான், ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் அடுக்கிவைத்துச் சாப்பிட்டான், இப்படி ஒரு குழம்பை எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை என்றான். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தண்ணீர்ச் சொம்பை வைத்தபோது அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"கையில இதெல்லாம் என்னங்க?"

"உப்பு தின்ன புண்ணு. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"வலிக்குமா?"

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் கை அப்படித்தான் இருந்தது, அந்தக் கையால்தான் அவனுக்குச் சோறு போட்டாள், அந்தக் கையால்தான் அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தாள். இந்த ஒரு வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. பூங்கனி கையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

காலையில், "ஏட்டி, சட்டையை எங்கட்டி வச்சித் தொலைச்ச?" என்ற குரல் கேட்டுத்தான் எழுந்தாள்.

அதன் பிறகு அவள் செய்ததை ஊரில் வேறு யாரும் செய்யவில்லை. மற்றவர்கள் தங்கள் வீட்டு ஆட்களை நிழலுக்குப் போகாமல் மறிக்கத் தொடங்கிய நாளில், பூங்கனி தன் புருஷனை நிழலுக்கு அனுப்பினாள். "மோட்டார் ரூம்ல எதுக்கு வெந்து சாகுதிய, மத்தியானம் செத்த நேரம் போய்ப் படுங்களேன்" என்றாள். அந்தக் குளிர் தனக்கு ஆகவில்லை, சளி பிடிக்கிறது என்று அவன் முனகினான். சுக்குக் காபி போட்டுத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து, தலையணையும் கொடுத்து அனுப்பிவைத்தாள். காலையில் எரிந்து விழுகிற ஒருவனும் சாயங்காலத்தில் வாசலில் நின்று வணக்கம் சொல்கிற ஒருவனுமாக அவளுக்கு இரண்டு பேர் ஆனார்கள். சாயங்காலத்துக்காரனுக்காக அவள் பூ வைத்துக்கொண்டாள். அவன் அவளுடைய கண் நன்றாக இருக்கிறது என்றான், பேச்சு நன்றாக இருக்கிறது என்றான், இவ்வளவு அழகான ஊரில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றான். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். நாற்பது வயதுக்கு மேல் வெட்கம் வந்தால் அதை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் திண்டாடினாள்.

"எட்டி, கேள்விப்பட்டது நெசமா?" என்று எஸ்தர் ஒரு நாள் பாத்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்க வீட்டு ஆளைக் கட்டிலோட கட்டிப்போடாத குறையா வச்சிருக்கேன். நீ தலவாணி குடுத்து அனுப்புதியாமே?"

"ராத்திரி தூங்கி எந்திச்சா சரியாப் போயிருதுல்லா. அப்புறம் என்ன?"

"எல்லா நாளும் சரியாப் போவும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

பூங்கனி குனிந்து உப்பை வாரினாள். தன்னிடம் கேட்க யாருமில்லாமல் கிடந்த ஒரு கேள்வியை ஒருவன் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறான் என்பதை எஸ்தரிடம் எப்படிச் சொல்வது?

நிழல் வளர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் என்று, வரப்பைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வீடுகளுக்குள் வந்தது. அதில் உட்காரப் போகாதவர்கள் மேலும் அது வந்து உட்கார்ந்தது. காலையில் சரியாகிவிடுகிறவர்களுக்குச் சரியாக மத்தியானம் வரை ஆனது, பிறகு சிலருக்குச் சரியாகவே இல்லை. தவசிக்கண் அண்ணாச்சி தன் கடையிலேயே பெஞ்சில் உட்கார்ந்து, இங்கே டீ போடுகிறவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மழை வந்தால் சூரியன் இருக்காது, சூரியன் இல்லாவிட்டால் நிழல் இருக்காது என்று கணக்குப் போட்டு ஊர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐப்பசி வந்தது, மழை வரவில்லை.

அந்த மாதத்தில்தான் வெயிலுமுத்து போனார். ஒரு பையில் இரண்டு சட்டையும், வந்து பார்த்த ஊரின் ஞாபகமாக இருக்கட்டும் என்பது போல ஒரு உப்புக்கட்டியும் எடுத்துக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவர் பெண்டாட்டி பஸ்ஸை மறித்து மண்ணில் விழுந்து புரண்டாள். அவர் இறங்கிவந்து அவளைத் தூக்கிவிட்டு, "ஏங்க அழறீங்க? கண்டிப்பா இன்னொரு தடவை வருவேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். ஊர் பார்க்க வந்தவனுக்கு ஊரில் எல்லாம் பிடித்திருக்கும், ஆனாலும் கிளம்பும் நாள் வந்தால் கிளம்பிவிடுவான். பூவும் குழம்பும் வெட்கமுமாக இருந்த பூங்கனி அதை மட்டும் மறந்துவிட்டிருந்தாள். பஸ் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் அவள் வீட்டுக்கு ஓடினாள்.

லிங்கதுரை காலையில் எழுந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். சட்டை எங்கே என்று அவன் கத்த வேண்டிய நேரம். அவன் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"குட்மார்னிங்க. இன்னைக்கு இங்க வேற என்ன பார்க்கிறதுக்கு இருக்கு?"

தானே தலையணை கொடுத்து அனுப்பித் தொலைத்த அந்தக் காலைக்காரனைப் பூங்கனி இனி எந்தத் தெருவில் போய்த் தேடுவாள்? ஆனாலும் அவள் உப்பளக்காரி. வெயில் எவ்வளவு அடித்தாலும் அன்றைய பாத்தியை வாரித்தான் ஆக வேண்டும் என்று பழகினவள். பார்க்க வேண்டியது மிச்சம் இருக்கிறவரை ஊர் பார்க்க வந்தவன் கிளம்ப மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நிறைய இருக்கு," என்றாள். "ஒரே நாள்ல பாக்க முடியாது."

அன்றைக்கு அவனை மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இந்த எடத்துலதான் ஒரு ஆளு ஒரு பொம்பளைகிட்ட முதமுதல்ல பேசுனாரு."

"என்ன பேசினார்?"

"'தள்ளி நில்லு, கரண்டு அடிக்கும்'னாரு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல காதல் கதைங்க" என்று மோட்டாரைப் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள், அவன் குடித்துவிட்டு விழுந்து கால் உடைத்துக்கொண்ட கிணற்றடியைக் காட்டினாள். அடுத்த நாள், அவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனபோது அவன் வந்து, நீ இல்லாமல் வீடு திரும்பமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த பஸ் நிறுத்தத்தைக் காட்டினாள். இப்படித் தாங்கள் வாழ்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்று என்று, சிக்கனமாகக் காட்டினாள். அவன் எங்கேயாவது திடுக்கிட்டு நின்றுவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காட்டினாள். ஊருக்கு வெளியே முள் நிறைந்த ஒரு உடைமரத்தடியில் ஒரு சின்ன மேட்டையும் காட்டினாள். அதில் இருந்தது அவர்களுக்குப் பிறந்து பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, இப்படிப்பட்ட இடங்களில் வெளியூர்க்காரர்கள் நிற்பது போலத் தலைகுனிந்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அதையும் ஒரு படம் எடுத்தான். அன்றைக்குப் பூங்கனியால் வீடு வரை நடக்க முடியவில்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள்.

அவர்கள் திரும்பியபோது வாசலில் எஸ்தர் நின்றாள். தோளில் பை, பின்னால் அவள் புருஷன், அவன் தோளிலும் பை. கட்டிப்போட்ட கட்டிலுக்கே நிழல் வந்துவிட்டது போலிருக்கிறது.

"எஸ்தரு," என்றாள் பூங்கனி.

எஸ்தர் அழகாகச் சிரித்தாள். "நீங்க இந்த ஊராங்க? பஸ் இங்க நிக்குமா?"

பூங்கனி வழியைக் கைகாட்டினாள். வேறென்ன செய்ய? தன் கூட ஒரே பாத்தியில் இளமை முழுவதையும் வாரிக் கொட்டினவள், நன்றி சொல்லிவிட்டு நடந்து போவதைத் தெரு முனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை காட்டுவதற்கு ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. லிங்கதுரை பையைக் கட்டி வைத்திருந்தான். ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பூங்கனி சுற்றும் முற்றும் பார்த்தாள், சுவரில் ஆணியிலிருந்து கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கடைசியாக வைத்திருந்தது அதுதான். அதில் அவன் முகம் இருந்தது. தன் முகத்தைக்கூடவா ஒருவனுக்குத் தெரியாமல் போய்விடும்?

"இதப் பாருங்க. இதப் பாத்துட்டுப் போங்க. இதுல உள்ளது யாருன்னு தெரியுதா?"

அவன் போட்டோவை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். உற்றுப் பார்த்தான். அவனுடைய விரல் கண்ணாடி மேல் மெதுவாக நகர்ந்தது, மடிப்புக் கலையாத சட்டை மேல் போனது, அவள் மூடின கண் மேல் போனது. விரல் அங்கே நிற்கவில்லை. மேலே போய், இரண்டு பேருடைய தலைக்கும் பின்னால் இருந்த கோபுரத்தில் போய் நின்றது. அவன் முகம் மலர்ந்தது.

"அடடா! தென்னைமரம், குளம், அன்னம். இந்த இடம் எங்கங்க இருக்கு?"

அவள் போட்டோவில் இருந்த அவன் முகத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"அடுத்து இங்கதான் போகணும்," என்றான் லிங்கதுரை. போட்டோவை அவளிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். "உங்களை மாதிரி யாரும் இவ்வளவு அன்பாச் சுத்திக் காட்டினதில்லைங்க. கையைப் பார்த்துக்கோங்க, மருந்து போடுங்க." பிறகு வலது தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். அவன் பஸ்ஸில் ஏறும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள், இதுவரை ஒரு நாளும் அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே கை ஒன்று ஆடியது. அது அவளுக்கா, ஊருக்கா என்று தெரியவில்லை.

நெடுந்திட்டில் அதன் பிறகு வீடுகள் இருந்தன, பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள், வேலை செய்கிறவர்கள் இல்லை. பூங்கனி மட்டும் காலையில் பலகையை எடுத்துக்கொண்டு போய், நிழல் தொடாத பாத்தியாகப் பார்த்து உப்பு வாரினாள். வருகிறவர்கள் அவளைப் படம் எடுத்தார்கள். அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தன் பாட்டுக்கு வாரினாள். வெயில் விழுகிற பாத்திகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கடலோரமாக ஒன்றே ஒன்று மிச்சமாக நின்றது.

அன்றைக்கு மத்தியானம் கோபுர நிழலின் உச்சி அந்தப் பாத்தியின் வரப்பைத் தொட்டது. பூங்கனி குனிந்தபடியே பார்த்தாள். இத்தனை மாதமாக ஆளில்லாமல் கிடந்த உச்சித் தளத்தில் சின்னச் சின்ன நிழல்கள் நின்றன. ஒன்று குனிந்து எட்டிப் பார்த்தது, அந்த ஆர்வம் எஸ்தருடையதாக இருக்கலாம். ஒன்று ஓரமாகத் தனியாக நின்றது. அதற்கு வலது தோள் இறங்கியிருந்தது.

பலகை அவள் கையை விட்டு விழுந்தது. நாலு எட்டு வைத்து நிழலுக்குள் போய் உட்கார்ந்தால் அவளும் ஒரு பையோடு கிளம்பிவிடலாம், ஒருவேளை அந்த உச்சியில் அவன் பக்கத்திலேயே போய் நிற்கலாம். ஆனால் அப்போது பக்கத்தில் நிற்பவன் யாரென்று அவளுக்கும் தெரியாமல் போயிருக்கும். வெயிலிலேயே நின்றால் அவனிடம் போக முடியாது. ஆனால் அவன் சாளை மீனைத் தள்ளிவிட்டுப் போனதும், தள்ளி நில்லு கரண்டு அடிக்கும் என்றதும், பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு உடைமரத்தடியில் அவன் அழுத அழுகையும் தெரிந்த ஒரு ஆள் பூமியில் இருப்பாள். நிழல் அவள் கால் பெருவிரல் வரைக்கும் வந்து நின்றது, அந்தக் குளிர் அவளுக்குத் தெரிந்தது. பூங்கனி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். பின்னால் கடல்தான் இருந்தது.

தோள் இறங்கிய அந்தச் சின்ன நிழல் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கியது. உயரத்திலிருந்து எதையோ படம் எடுக்கப் பார்க்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் இங்கே என்ன தெரியும், வெள்ளையாக ஒரு பாத்தியும் அதில் புள்ளியாக ஒரு பொம்பளையும்.

பூங்கனி முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். முந்தானையைச் சரிசெய்து, கையால் தலையை ஒதுக்கி, அந்த உச்சிக்கு நேராகத் திரும்பி நின்றாள். உப்பில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அந்தக் கைகள் கீழே இறங்கும்வரை அவள் அசையவில்லை, இந்தத் தடவை கண்ணை மூடவும் இல்லை.